ஏதென்ஸ்: யாரோடு நடப்பது?

ஏதென்ஸுக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கைடு வைத்துக்கொள்ளலாமா, இல்லை போனை வைத்தே சமாளித்துவிடலாமா? இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கல்யாணமாகி முதல் பயணம் போகும் ஒரு ஜோடி. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கிளம்பும் ஒரு குடும்பம். மதுரையிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு மகன். ஆளுக்கு ஆள் பதில் மாறும் என்பதால், கூட்டத்தோடு நடை, முடிவில் டிப்ஸ் கொடுக்கும் நடை, தனி கைடு, போனில் ஆடியோ என்று இருக்கிற நான்கு வழிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் கைடுக்கான பணத்தையெல்லாம் அக்ரோபோலிஸ் என்ற கோயில் மலை மேலேயே கொட்டிவிட்டு, அடிவாரத்தில் இருக்கும் பழைய சந்தை மைதானமான அகோராவைக் கடைசி அரை மணி நேரத்தில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார்கள். தலைகீழாகச் செய்யவேண்டிய காரியம் அது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் இடம். அக்ரோபோலிஸில் பார்த்தினன் கோயில் கண்முன்னே நிற்கிறது. கி.மு. 447இல் தொடங்கி 432இல் சிற்ப வேலையும் முடிந்த கட்டடம். முகப்பில் 8, பக்கவாட்டில் 17 என்று தூண்கள். 1687இல் வெனிஸ் படை வீசிய குண்டு, உள்ளே துருக்கியர் குவித்து வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்து நடுப்பகுதி சிதறிப்போனது. இதை மலை ஏறுமுன் பத்து நிமிடம் படித்துக்கொண்டால் போதும், மீதியைக் கட்டடமே காட்டிவிடும். அகோரா அப்படி இல்லை. மேற்கு மேட்டில் ஹெஃபைஸ்டஸ் கோயில் கூரையோடு நிற்கிறது. கிழக்கே அட்டலோஸ் மண்டபத்தை 1950களில் ஏதென்ஸில் இருக்கும் அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளியினர் புதிதாகவே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் புல், மரம், முழங்கால் உயரத்துக்குக் கல்வரிசை. யாராவது சொல்லாவிட்டால் அது வெறும் அஸ்திவாரம்தான்.

அடுத்தது காது. தமிழில் விளக்கும் கைடு ஒருவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. ஆங்கிலம்தான், அதுவும் கிரேக்க உச்சரிப்பில். உங்களோடு வருகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தடையில்லாமல் பின்தொடர்வார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

மூன்றாவது, காலும் வெயிலும். அக்ரோபோலிஸ் உச்சியில் நிழல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பல கோடி ஜோடிச் செருப்பு தேய்த்த சலவைக்கல் கண்ணாடி போல வழுக்கும். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் அனல் தாங்காமல் நண்பகலில் சில மணி நேரம் மூடியே வைத்தார்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்த உடம்புக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். வெள்ளைக் கல்லில் பட்டு வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

கடைசியாகப் பணம். அதற்குத் தனியாகவே ஒரு பகுதி வேண்டும்.

## விலைப்பட்டியலில் தெரியாத செலவு

2025 ஏப்ரலிலிருந்து அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டு 30 யூரோ. அதற்கு முன்பு இதே 30 யூரோவுக்கு ஒரு கூட்டுச்சீட்டு இருந்தது. அக்ரோபோலிஸ், அகோரா, பழைய கல்லறைப் பகுதியான கெராமைகோஸ் உட்பட ஏழு இடங்களை ஐந்து நாளுக்குள் பார்த்துக்கொள்ளலாம். அதை எடுத்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் இன்னமும் "கூட்டுச்சீட்டு வாங்குங்கள்" என்றே இருக்கும், நம்பிப் போகாதீர்கள். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் தனிச்சீட்டு. மலையடிவாரத்தில் இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கும் தனி.

இணையத்தில் நடைச்சுற்றுலா விலை குறைவாகத் தெரிந்தால், அடியில் "நுழைவுச்சீட்டு சேராது" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு பெரியவர்கள் என்றால் கைடு வாய் திறப்பதற்கு முன்பே 120 யூரோ போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோகவேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு, மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, செப்டம்பர் கடைசி சனி ஞாயிறு, அக்டோபர் 28 ஆகிய நாட்களில் எல்லோருக்கும் இலவசம். கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

"வரிசையில் நிற்காமல் நுழையலாம்" என்ற விளம்பரத்துக்கும் ஒரு வார்த்தை. இப்போது எல்லோருக்குமே நேரம் குறித்த சீட்டுதான், ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பும் இருக்கிறது. அந்த விளம்பரம் சொல்வது டிக்கெட் கவுண்டர் வரிசையை மட்டும். வாசல் சோதனைக்கு எல்லோரோடும் சேர்ந்து நிற்கத்தான் வேண்டும். இணையத்தில் நீங்களே சீட்டு எடுத்துவிட்டால் அதே சலுகை சும்மா கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று: கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் உரிமம் பெற்ற கைடுதான் விளக்கலாம். தெருவில் பிரமாதமாகப் பேசுகிறவர் எல்லோரும் உள்ளே வந்து பேச முடியாது.

## ஒரே பார்வையில்

| | கூட்டத்தோடு நடை | டிப்ஸ் நடை | தனி கைடு | போனில் ஆடியோ |
|---|---|---|---|---|
| கட்டணம் | தலைக்கு | மனசுக்குத் தோன்றியது | குழுவுக்கு மொத்தமாக | சும்மா, அல்லது சொற்பம் |
| உள்ளே வருவாரா | வருவார் | பெரும்பாலும் இல்லை | வருவார் | உங்களோடே இருக்கும் |
| வேகம் யார் கையில் | கைடு கையில் | கைடு கையில் | உங்கள் கையில் | உங்கள் கையில் |
| கேள்வி கேட்க | கொஞ்சம் | கொஞ்சம் | தாராளமாக | வழியில்லை |
| அதிகம் பயன்படும் இடம் | அக்ரோபோலிஸ் | பிளாகா போன்ற பழைய தெருக்கள் | அகோரா, கெராமைகோஸ் | அக்ரோபோலிஸ், அருங்காட்சியகம் |

## கூட்டத்தோடு நடை

இருபது பேர், காதில் ஒரு கருவி, முன்னால் குடையோ கொடியோ தூக்கிப் பிடித்தபடி கைடு. இரண்டு மணி நேரத்தில் தெற்குச் சரிவில் டயோனிசஸ் அரங்கம், அப்புறம் ஹெரோடெஸ் அட்டிகஸ் அரங்கம், மேலே புரோபிலையா வாசல், பார்த்தினன், எரெக்தியான் கோயில் என்று முடித்துவிடுவார்கள். தலைக்கு 40, 50 யூரோ என்ற கணக்கில் இருக்கும், சீட்டு தனி. தனியாகப் போகிறவருக்கு இதைவிட மலிவாக உரிமம் பெற்ற கைடு கிடைக்க வழியில்லை. நல்ல கைடாக அமைந்துவிட்டால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், வேகத்தில். நான் ஒருமுறை இப்படி ஒரு கூட்டத்தோடு போனபோது, கூட வந்த பெரியம்மா புரோபிலையா படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். நான் அவரோடு நின்றேன். காதுக்கருவியில் குரல் முதலில் கரகரத்தது, அப்புறம் அறுந்தே போனது. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பார்த்தினனை முடித்துவிட்டு எரெக்தியான் பக்கம் திரும்பியிருந்தார்கள். கைடைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்குப் பின்னால் அடுத்த கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைத் தேர்ந்தெடுத்தால் காலை 8 மணி நடையை மட்டும் எடுங்கள். பிரேயஸ் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் பத்து மணிக்கு மேல் புரோபிலையா வாசல் தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிடும்.

## டிப்ஸ் நடை

பெயர் "இலவச நடை". முடிவில் தொப்பி நீட்டுவார்கள். தலைக்கு 10, 15 யூரோ கொடுக்காமல் நகர மனசு வராது, அப்படிக் கொடுப்பதுதான் மரியாதையும். நான்கு பேர் என்றால் 40லிருந்து 60. ஆக இலவசம் என்ற சொல்லை மறந்துவிட்டு எடை போடுங்கள்.

இவர்கள் வேலிக்கு வெளியே நின்று பேசுகிறவர்கள். மொனாஸ்டிராகி சதுக்கத்தில் தொடங்கி, ஹட்ரியன் நூலகத்தைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து காட்டி, ரோமானிய அகோராவின் காற்றுக் கோபுரத்தை எட்டிப்பார்க்கவைத்து, பிளாகா சந்துகளில் ஏற்றி, அனாஃபியோடிகாவுக்குக் கொண்டுபோவார்கள். அனாஃபி தீவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் பாறைச் சரிவில் தங்கள் ஊர் வீட்டைப் போலவே கட்டிக்கொண்ட வெள்ளை வீடுகள் அவை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் போக முடியும். தெருவுக்கு இப்படி ஆள் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. அந்தச் சந்துக்குள் நுழைகிற வழி வரைபடத்தில் சட்டென்று பிடிபடாது.

நடை பெரும்பாலும் அரியோபாகஸ் பாறையில் முடியும். கிறிஸ்தவ வாசகர்களுக்கு இது பழக்கமான இடம்: தமிழ் வேதாகமத்தில் பவுல் நின்று "அத்தேனரே" என்று பேசத்தொடங்கும் மார்ஸ் மேடை இதுதான். பாறையடியில் அந்தப் பேச்சைக் கிரேக்கத்தில் வெண்கலப் பலகையில் பதித்திருக்கிறார்கள். மேலே ஏற இரும்புப் படி இருக்கிறது. பழைய கல்படியில் ஏறாதீர்கள், வழுக்கும். சீட்டு வேண்டாம், சாயங்காலம் அக்ரோபோலிஸ் வாசல் முழுதாகத் தெரியும்.

போய் இறங்கிய முதல் நாள் மாலைக்கு இது பொருத்தம். ஊரின் குறுக்குநெடுக்கு கால்களுக்குப் பிடிபட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஏதென்ஸைப் பார்த்தாகிவிட்டது" என்று மட்டும் முடிவுகட்டக்கூடாது.

## தனி கைடு

கட்டணம் தலைக்கு இல்லை, மொத்தமாக. அரை நாளுக்கு 200 யூரோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது ஊதாரித்தனம். ஐந்து பேருக்கு வகுத்தால் கூட்டத்தோடு போகும் நடையின் விலைக்கே வந்துவிடும், இதைப் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மறைந்திருக்கும் செலவு ஒன்று: குறைந்தபட்ச நேரம் என்று வைத்திருப்பார்கள். உங்களுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்றாலும் அரை நாள் காசு கொடுக்கவேண்டி வரும். இன்னொன்று, கைடின் நேரமும் உங்கள் நுழைவுச்சீட்டின் நேரமும் ஒத்துப்போகவேண்டும். சீட்டை நீங்களே எடுப்பதானால் கைடிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

இனி அகோராவுக்கு வருகிறேன். தென்மேற்கு மூலையில், தோலோஸ் என்ற வட்டக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு கல் நட்டிருக்கிறது. இடுப்பு உயரம்கூட இல்லை. தனியாகப் போன முதல் தடவை அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டியிருப்பேன் போலிருக்கிறது, அவ்வளவு சாதாரணக் கல். இரண்டாவது தடவை கூட வந்த கைடு அங்கே நின்று, தொடாமல், விரலைக் காற்றில் நகர்த்தி எழுத்துக்களைக் காட்டினார். "நான் அகோராவின் எல்லை" என்று கல்லே பேசுகிறது. கி.மு. 500ஐ ஒட்டிய காலத்து எல்லைக்கல், நட்ட இடத்திலேயே இருக்கிறது. சில குற்றங்கள் சாட்டப்பட்டவர்கள் இதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

அதை ஒட்டிய கல்வரிசை ஒரு சிறு வீடு. தோண்டியபோது செருப்புக்கு அடிக்கும் இரும்பு ஆணிகளும், எலும்பில் செய்த லேஸ் வளையங்களும், "சீமோனுடையது" என்று கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தன. சாக்ரடீஸ் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததாகப் பழைய நூல் சொல்லும் செருப்புத் தைப்பவரின் பெயரும் சீமோன்தான். எல்லைக்கு உள்ளே வர வயது வராத இளைஞர்களை சாக்ரடீஸ் எல்லை ஓரத்துக் கடையில் வைத்துச் சந்தித்திருக்கலாம் என்று கைடு சொன்னார். எல்லைக்கல்லுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்கூட இல்லை. போனில் இருந்த ஆடியோ அந்த மூலைக்குப் போகவே இல்லை, ஹெஃபைஸ்டஸ் கோயிலுக்கு நேராக ஏற்றிவிட்டது.

அங்கிருந்து அட்டலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போனார். நாடுகடத்த ஓட்டுப்போடும் உடைந்த பானை ஓடுகள் அங்கே இருக்கின்றன. யார் பெயர் அதிகம் வருகிறதோ அவர் பத்து வருடம் ஊரை விட்டுப் போகவேண்டும். ஏதென்ஸின் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய ஓடுகள் ஏறத்தாழ 190, அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரே கிணற்றில் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தால் பதினாலு பேர் கையெழுத்துத்தானாம். அதாவது முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்க ரெடி செய்த ஓடுகள். அப்பா, அது வரைக்கும் சும்மா தலையாட்டிக்கொண்டு வந்த கூட்டம் அங்கேதான் வாய்விட்டுச் சிரித்தது.

தனி கைடின் இன்னொரு பயன் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு. அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், நீங்கள் தமிழில் சொல்லலாம், அம்மா ஒரு கேள்வி கேட்பார், அது திரும்பிப் போகும். கூட்டத்தோடு நடக்கும்போது இது நடக்காது. புக் செய்யும்போதே "எனக்கு மொழிபெயர்க்க நேரம் வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

## போனில் ஆடியோ

அக்ரோபோலிஸுக்கு என் முதல் தேர்வு இதுதான், ஒரே நிபந்தனையோடு: முந்தின நாள் இரவே தரவிறக்கி, ஒருமுறை கேட்டும் வைத்துவிடுங்கள். வெயிலில் போன் திரை தெரியாது, பேட்டரியும் வேகமாக இறங்கும்.

காது ஆடியோவில் இருக்கக் கண் கட்டடத்தில் இருக்கும். நின்று நிதானமாகப் பார்க்கவேண்டிய சங்கதி ஒன்று: பார்த்தினனின் மூலையில் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே, கண்ணை மேல்படியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் பாருங்கள். படி நேராக இல்லை. நடுவில் மெல்ல மேடு தட்டியிருக்கும். அகலப்பக்கத்தில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், நீளப்பக்கத்தில் 11. தூண்களும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்து, நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கட்டடம் மூச்சு விடுவது மாதிரி இருக்கும். இருபது பேர் கூட்டத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் தருவார்கள்?

தூணைத் தொட்டால் விசில் அடிப்பார்கள். படம் எடுக்கச் சலவைக்கல்லில் சாய்ந்தாலும் விசில்.

கீழே அருங்காட்சியகத்துக்கு ஆடியோகூடத் தேவையில்லை. விளக்கப் பலகைகள் தெளிவாக இருக்கின்றன. எரெக்தியானைத் தாங்கிய பெண் சிலைகளில் ஐந்து இங்கே, ஆறாவது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், மலை மேல் நிற்பவை எல்லாம் நகல். மேல்மாடியில் மஞ்சள் படிந்த மூலச் சிற்பமும், லண்டனில் இருப்பவற்றின் வெள்ளை நகலும் அடுத்தடுத்து நிற்கும். யாரும் விளக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

குறை? கேள்வி கேட்க முடியாது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் காதிலிருந்து பிடுங்கிவிடுவார்கள்.

## மூவருக்கும் எழுதிய பதில்

ஜோடிக்கு: முதல் நாள் மாலை டிப்ஸ் நடை. மறுநாள் 8 மணிக்கு இருவரும் ஆளுக்கொரு காதில் ஆடியோ மாட்டிக்கொண்டு அக்ரோபோலிஸ். மிச்சப்படும் காசில் கெராமைகோஸ் போய்விட்டு வாருங்கள். பழைய மதில், கல்லறைத் தெரு, ஓடை ஓரத்து ஆமைகள், கூட்டமே இருக்காது.

ஃபிராங்க்ஃபர்ட் குடும்பத்துக்கு: பிள்ளைகளிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பதால் அவர்களுக்குச் சீட்டுச் செலவு இல்லை. அந்தப் பணத்தைத் தனி கைடில் போடுங்கள், அகோராவுக்கு. பானை ஓட்டில் பெயர் எழுதி ஆளைத் துரத்திய கதை எட்டு வயதுக்கு நன்றாகப் பிடிக்கும். மலை மேல் கைடு வேண்டாம்.

மதுரை மகனுக்குத்தான் யோசித்து எழுதினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டத்தோடு நடை அறவே வேண்டாம். தனி கைடு, ஆனால் அக்ரோபோலிஸுக்கு ஒரு நாள், அகோராவுக்கு இன்னொரு நாள் காலை என்று பிரித்து. நடக்க முடியாதவர்களுக்காக மலையின் வடக்குப் பக்கம் 2020இல் புதிதாக ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், மேலே கான்கிரீட் பாதையும் போட்டிருக்கிறார்கள். பாதை அசிங்கமாக இருக்கிறது என்று தொல்லியலாளர்கள் சிலர் சண்டை போட்டார்கள். அம்மாவின் முழங்காலுக்கு அந்தச் சண்டை தெரியாது. லிஃப்ட் ஓடுகிறதா, அம்மாவுக்கு அனுமதி உண்டா என்று கைடை முந்தின நாளே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நுழைவுச்சீட்டு எடுங்கள்.